தவணை தவறுவதில்லை, மாத்திரை தவறுகிறது

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்காகத் தொடர்ந்து மருத்துவம் பெறுவோரிடம் ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொண்டு வருகிறீர்களா? சிலர் சற்றுத் தயங்கி, மாதக் கடைசியில் ஒரு வாரமோ பத்து நாளோ விட்டுப்போயிற்று என்பார்கள். மறதி என்றே முதலில் காரணம் சொல்வார்கள். பேச்சு நீண்டால், கைப்பேசிக்கும் இரு சக்கர வாகனத்துக்கும் தவணை கட்டிய பிறகு மருந்து வாங்கப் பணம் எஞ்சவில்லை என்பது தெரியவரும்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தவணைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தவறினால் அபராதம் விழுகிறது. தொலைபேசி அழைப்பு வருகிறது. மாத்திரை தவறினால் அழைப்பவர் யாரும் இல்லை. உடலும் உடனே முறையிடுவதில்லை. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே இருக்கும்; அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் மூளையிலும் கண்ணிலும் தெரியவரும். அன்று ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இன்று விட்ட மாத்திரையின் விலை மிகச் சிறியது. ஆதலின் வீட்டின் வரவுசெலவைச் சீராக வைத்துக்கொள்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம். அதற்கு உதவும் சில செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மாதச் சம்பளமும் நிலையாமையும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் இத்தொழிற்பகுதியில் பல்லாயிரம் குடும்பங்கள் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கின்றன. விவசாயக் கூலி வேலையோடு ஒப்பிட்டால் இது உறுதியான வருமானம். குறித்த நாளில் பணம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அந்த உறுதியைக் கண்டுதான் கடன் தருவோரும் தேடி வருகிறார்கள். சம்பளச் சீட்டு இருந்தால் போதும், கடையிலேயே கடன் கிடைத்துவிடுகிறது.

ஆயினும் இவ்வருமானம் நின்றுபோகக் கூடியது என்பதை இப்பகுதி பட்டறிந்திருக்கிறது. 2006இல் தொடங்கப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலையோ ஒப்பந்தக் காலத்தோடு முடிந்துவிடக் கூடியது. ஆலை இயங்கிக்கொண்டிருந்தாலும், வேலை செய்பவர் நோயுற்றால் கூடுதல் நேரப் பணிக்கான ஊதியமும் வருகை ஊக்கத்தொகையும் முதலில் நின்றுவிடுகின்றன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தவணைகளை ஏற்றுக்கொண்ட குடும்பம், படுக்கையில் ஒருவர் விழுந்த முதல் மாதமே தடுமாறிப் போகிறது.

எனவே, புதிய தவணை ஒன்றை ஏற்கும் முன் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், மருந்து ஆகிய ஐந்தும் போக எஞ்சுவதற்குள் அத்தவணை அடங்கவில்லையெனில், அப்பொருளை வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

வாங்கும் ஆசையைத் தள்ளிவைத்தல்

சம்பளம் வந்த முதல் மூன்று நாள்களிலும், தீபாவளிக்கு முன் போனஸ் வந்த வாரத்திலும் பணம் மிகுதியாக இருப்பதுபோல் தோன்றும். சலுகை விற்பனைகளும் அந்நாள்களையே குறிவைத்து வருகின்றன. ஆசைப்படுவது குற்றமன்று. பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு நல்ல கைப்பேசி வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே. ஆசை எழுந்த கணத்திலேயே பணத்தைச் செலுத்திவிடுவதுதான் இடர்.

இதற்கு எளிய வழி, இரண்டுக்கும் நடுவே காலத்தை வைப்பது. வாங்க விரும்பும் பொருளையும் அதன் விலையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த சம்பள நாள் வரை வாங்காதீர்கள். ஒரு மாதம் கழித்தும் அது தேவை என்று தோன்றினால், வீட்டில் உள்ளவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். எழுதியவற்றுள் பல தாமாகவே மறந்துபோவதைக் காண்பீர்கள்.

கைப்பேசியிலும் சில தடைகளை ஏற்படுத்திக்கொள்ளலாம். வணிகச் செயலிகளில் சேமித்து வைத்த அட்டை விவரங்களை நீக்குங்கள். சலுகை அறிவிப்புகளை நிறுத்துங்கள். மருந்துக்கும் அவசரத் தேவைக்கும் உரிய பணத்தை, யுபிஐ இணைக்கப்படாத தனி வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள். எடுக்கச் சற்றுச் சிரமமான இடத்தில் இருக்கும் பணமே மாதக் கடைசிவரை தங்கும்.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பிவிட்டு, தன் காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்காமல் வேலைக்குச் செல்வோர் உண்டு. குடும்பத்தின் வருமானமே உங்கள் உடல்நலத்தை நம்பியிருக்கிறது. உங்களுக்கென ஒரு சிறு மருத்துவத் தொகையை ஒதுக்குவது தன்னலம் ஆகாது.

வட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தல்

வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரம் பலரையும் ஈர்க்கிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதையும், அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்பதையும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஆகவே முழுப் பணமும் தந்து வாங்கினால் என்ன விலை, தவணையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு என இரண்டையும் கேட்டு, வேறுபாட்டைப் பாருங்கள்.

மாறா வட்டி என்பதும் ஏமாற்றக் கூடியது. 1,00,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு மாறா வட்டியில் பெற்று, பன்னிரண்டு தவணைகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். மாதம் ஏறத்தாழ 9,333 ரூபாய் கட்டுவீர்கள். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுவதால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21 விழுக்காடு ஆகிறது.

நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஊரில் வாங்கும் கடன் ஆண்டுக்கு 36 விழுக்காடு. 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் ஓராண்டில் 18,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். நூற்றுக்குப் பத்து என்றால் பத்தே மாதத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகவே போய்விடும்.

அச்சத்தில் செய்யும் செலவு

அவசரச் செலவு கடைத்தெருவில் மட்டும் நிகழ்வதில்லை. வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்த வாரத்தில், அச்சத்தாலும் அன்பாலும் செய்யும் செலவுகள் மிகுதி. உறவினர் சொன்ன சத்துமாவு டப்பாக்கள், நீரிழிவை வேரோடு நீக்கும் என்று கைப்பேசியில் விற்கப்படும் பொடிகள், ஒரே பரிசோதனையை வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் செய்தல் என அப்பட்டியல் நீளும். நோயாளிக்கு எதையும் செய்யாமல் இருந்துவிட்டோம் என்ற குறை வரக்கூடாது என்றே குடும்பத்தார் இவற்றைச் செய்கிறார்கள். அந்த மனத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அப்பணம் பின்னர் தொடர்சிகிச்சைக்குத் தேவைப்படும்.

நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாகக் கூறி மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் தொடர்பான சட்டம் தடைசெய்கிறது. அத்தகைய விளம்பரம் கண்ணில் பட்டால், அதுவே அப்பொருளை ஐயுறுவதற்குப் போதிய காரணம். எதை வாங்குவதாயினும் அதன் பெயரை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். பழைய பரிசோதனை முடிவுகள், ஊடுகதிர்ப் படங்கள், வீடு திரும்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, எங்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்லுங்கள். தேவையற்ற மறுபரிசோதனைகள் பல அதனால் தவிரும்.

கடன் கேட்கும் முன் கேட்க வேண்டியவை

மருத்துவச் செலவு என்றதும் நகையையோ வட்டிக்காரரையோ நினைப்பது வழக்கம். அதற்கு முன், உங்களுக்கு உரிமையாகவே கிடைக்கக்கூடியவை எவை என்று பாருங்கள்.

முதலாவது, இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. 2017 சனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். இந்த வரம்பைக் கணக்கிடுகையில் கூடுதல் நேரப் பணிக்கான ஊதியம் சேர்க்கப்படுவதில்லை. 2019 சூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு; நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. 18,000 ரூபாய் பெறுபவர் மாதம் 135 ரூபாய் மட்டுமே செலுத்துகிறார். அதற்கு அவரும் அவரைச் சார்ந்த குடும்பத்தினரும் மருத்துவம் பெறலாம். இஎஸ்ஐ மருந்தகத்தில் தொடங்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் கே.கே.நகர், அயனாவரம் போன்ற இஎஸ்ஐ மருத்துவமனைகள் வரை பரிந்துரையின் பேரில் தொடரும். குடும்பம் வேறு ஊரில் இருப்பின், அவ்வூருக்கு அருகிலுள்ள இஎஸ்ஐ மருந்தகத்தை அவர்களுக்கெனப் பதிவு செய்துகொள்ளலாம்.

பலர் அறியாதது பண உதவி. தகுதிக்குரிய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், இஎஸ்ஐ மருத்துவர் சான்றளித்த நோய் விடுப்புக்கு நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஓராண்டில் 91 நாள்கள் வரை கிடைக்கும். நாள் ஊதியம் 600 ரூபாய் எனில் நாளுக்கு 420 ரூபாய். புற்றுநோய் போன்ற வரையறுக்கப்பட்ட நீண்டகால நோய்களுக்கு, பணிக்காலத் தகுதி உடையோர் 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை பெற இடமுண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்குத் தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை 90 விழுக்காடு. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே பணிநிமித்தம் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம் உண்டு. இவை யாவும் சான்றிதழைப் பொறுத்தவை. ஆதலின் நோய் தொடங்கிய நாளிலேயே இஎஸ்ஐ மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஊதிய உயர்வால் 21,000 ரூபாயைக் கடப்போர், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் வரை திட்டத்தில் தொடர்வர். பிறகு என்ன காப்பீடு இருக்கிறது, அதில் பெற்றோர் அடங்குவரா என்பதை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் அப்போதே கேட்டறிவது நல்லது.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, இணைக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தினர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகலாம். ஊரில் உழவையோ கூலியையோ நம்பித் தனியே வாழும் பெற்றோருக்கு இவ்வட்டை இருக்கிறதா என்று அவர்கள் நலமாக இருக்கும்போதே பாருங்கள். உடல்நலம் கெட்ட பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கடினம்.

மூன்றாவது, சாலை விபத்து. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் நாள்தோறும் பயணம் செய்யும் நமக்கு இது முக்கியம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுக்கப்பட்ட அவசரச் சிகிச்சைகள் இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தரப்படுகின்றன. வருமான வரம்பு கிடையாது.

நான்காவது, நாள்தோறும் வேண்டிய மருந்து. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் உள்ளன. இவற்றில் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை மாற்ற வேண்டாம். ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை என்பதை அவரிடம் சொல்லத் தயங்கவும் வேண்டாம். பல சமயங்களில் அதே மருந்தின் விலை குறைந்த வடிவத்தை அவர் எழுதித்தர இயலும். நீங்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்ட நேரிடலாம். அது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

கடன் தவிர்க்க முடியாதபோது

இவையெல்லாம் பார்த்த பிறகும் பணம் தேவைப்படலாம். வருங்கால வைப்பு நிதி உறுப்பினர்கள் நோயின் பொருட்டு அதிலிருந்து பணம் பெற இடமுண்டு. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. முதுமைக்கான பணம் என்பதால் தேவையான அளவே எடுங்கள். நகை இருப்பின் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது, தனியாரிடம் மாத வட்டிக்கு வாங்குவதைவிட மேலானது.

மருத்துவமனை நடைபாதையில் நள்ளிரவில் அமர்ந்து, கைப்பேசிச் செயலியில் கடன் எடுப்பதைத் தவிருங்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியை உடனே விட்டுவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. முறையான கடனுக்கு ஆண்டு வட்டி வீதமும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். செயலி வழிக் கடனை, குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதமின்றித் திருப்பித் தந்து விலகும் உரிமையும் உண்டு. மோசடிக்கு ஆளானால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.

மீட்டர் வட்டி, நாள் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்க 2025இல் மற்றொரு சட்டமும் வந்துள்ளது. மிரட்டப்படுவோர் காவல் நிலையத்தை நாடலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

ஏற்கெனவே தவணைகள் இருந்து, நோயால் வருமானம் குறைந்துவிட்டால், தவணை நாளுக்கு முன்பே வங்கிக்கு எழுத்து வழியே தெரிவித்து, மருத்துவச் சான்றையும் இணையுங்கள். தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். தொண்ணூறு நாள் நிலுவையானால் அது வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு பேசுவது கடினம்.

இம்மாதமே தொடங்கலாம்

வரும் சம்பள நாளில், வேறு எந்தத் தவணையும் கழியும் முன், ஒரு மாத மருந்தை முழுமையாக வாங்கிவிடுங்கள், அல்லது அதற்குரிய பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கைப்பேசியில் தவணை நாளுக்கு நினைவூட்டல் வைத்திருப்பதுபோல் மருந்து தீரும் நாளுக்கும் ஒன்று வையுங்கள்.

அடுத்து, சிறிது சிறிதாக ஒரு மாத வீட்டுச் செலவுக்குரிய தொகையைச் சேர்த்து, பின் அதை மூன்று மாதம் என உயர்த்துங்கள். அதில் நோயாளியின் செலவோடு, உடனிருப்பவர் இழக்கும் கூலியையும் பயணச் செலவையும் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையிலானோர் தம் வங்கி வழியே சேரலாம்.

இஎஸ்ஐ அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படிகளை ஓர் உறையில் இட்டு, வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நள்ளிரவில் அவசரமாகப் புறப்படும்போது அவ்வுறையை எடுத்துக்கொண்டால் போதும். மருந்து வாங்கப் பணமில்லாத மாதம் வந்தால், மாத்திரையை நிறுத்தும் முன் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அதைக் கேட்பதும் எங்கள் பணிதான்.